பர்மாவுக்குப் போகுமுன் எடுத்த எக்ஸ்ரே

அது 1946. யுத்தம் முடிந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாந்தோமில் கடற்கரைக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்தில் எங்கள் வீடு. அப்பா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கு அப்போது இருபத்தோரு வயது. ஆசிரியப் பயிற்சி முடிக்கும் தறுவாயில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் ஒரு செய்தி சொன்னார். ரங்கூனில் இருக்கும் தமிழ்ச் சபையின் பள்ளிக்கூடம் குண்டில் பாதி எரிந்துபோய்விட்டதாம். வாத்தியார்கள் எல்லாம் ஓடிப்போய்விட்டார்களாம். பிள்ளைகள் மட்டும் மிச்சம். பாடமும் சொல்லிக் கொடுத்து, பெண்கள் நடுவில் ஊழியமும் செய்ய ஒரு பெண் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். "நம்மிலே யாருக்காவது மனசு உண்டா?" என்றார்.

என் கை உயர்ந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே கடல் தாண்டிப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்று கனவு கண்டவள் நான். எங்கே, எப்படி என்றெல்லாம் யோசித்ததில்லை. கை உயர்ந்த பிறகு கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் அம்மா மட்டும் தலையைக் குனிந்தபடி இருந்தாள். அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு. அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிடாமலே பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன். தெருவில் போனால், "பர்மாவுக்குப் போகப் போற பொண்ணு" என்பார்கள். ஒரு அத்தை தகரப் பெட்டி கொடுத்தாள். இன்னொருவர் குடை கொடுத்தார். என்னைவிட மூத்தவர்கள் வந்து, "எங்களுக்காக ஜெபம் பண்ணும்மா" என்று கேட்டார்கள். கூச்சமாக இருந்தது; உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

ஊழியத்துக்கான பயிற்சி அடையாறில். ஆற்றுக்கு அப்பால் தோப்புக்கு நடுவே ஒரு பழைய பங்களா. அங்கே வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார்கள். நாங்கள் மிஸ்ஸியம்மா என்று கூப்பிடுவோம். பல வருஷம் நம் நாட்டில் இருந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார்கள். சனிக்கிழமைதோறும் வேத பாடம், முதலுதவி, கொசுவலை தைப்பது, மலேரியா ஜுரத்துக்குக் கொய்னா மாத்திரை எப்போது எவ்வளவு கொடுப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். போவதற்கு முன்னால் மூன்று காரியம் முடிய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டார் முழுமனதோடு சம்மதிக்க வேண்டும். ஓரளவாவது பர்மியப் பாஷை பேசத் தெரிய வேண்டும். டாக்டர் உடம்பைச் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

பாஷைக்காகத்தான் நான் தியாகராய நகருக்குப் போக ஆரம்பித்தேன். பனகல் பார்க்குக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு குடும்பம் இருந்தது. யுத்தத்தில் ரங்கூனிலிருந்து தப்பி வந்தவர்கள். குடும்பம் என்றால் அப்பாவும் மகளும்தான். அப்பா சொந்தக்காரர் ஒருவரின் பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். மகளுக்கு என் வயதுதான். வீட்டிலேயே மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். அந்தத் தெருவில் அவளுக்குப் பெயரே ரங்கூன்காரி. அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

நல்ல சிரிப்புக்காரி. என்னை டீச்சரம்மா என்று கேலியாகக் கூப்பிடுவாள். மிஷினை மிதித்துக்கொண்டே பாடம் நடக்கும். ஒரே சொல்லை இழுத்துச் சொன்னால் ஒரு அர்த்தம், வெட்டிச் சொன்னால் இன்னொரு அர்த்தம். நான் இழுக்க வேண்டிய இடத்தில் வெட்டிவிடுவேன். அவள் ஊசியை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"டீச்சரம்மா, நீ இப்போ என்ன சொன்னே தெரியுமா? வேணாம், சொன்னா நீ கோயிலுக்கே போக மாட்டே."

சோற்றுக்குத் தமின். தண்ணீருக்கு யே. சாப்பிடுவதற்குச் சா. "பாரு, அது நம்ம சாப்பாடு மாதிரியே இருக்கு. அந்த ஊர்ல நீ பட்டினி கிடக்க மாட்டே" என்பாள்.

அப்படி ஒரு மத்தியானம், மீனம்பாக்கம் பக்கமிருந்து ஒரு ஆகாய விமானம் ரொம்பத் தாழ்வாக வந்தது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். திரும்பினால் மிஷின் பக்கத்தில் அவளைக் காணோம். துணி பாதி தைத்தபடி தொங்குகிறது. குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒண்டி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கத்தரிக்கோல். கூப்பிட்டேன். விமானத்தின் சத்தம் முழுதாக அடங்கிய பிறகுதான் வெளியே வந்தாள். முட்டியில் ஒட்டின தூசியைத் தட்டிவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள்.

"எங்கே விட்டோம்? தண்ணி. தண்ணிக்கு என்ன? சொல்லு."

"யே" என்றேன்.

புறப்படும்போது அவளுடைய அப்பா வாசல் வரைக்கும் வந்தார். "ரங்கூன்ல குண்டு போட்டப்போ இவ கடைத்தெருவுல மாட்டிக்கிட்டா அம்மா. அப்புறம் நடந்தே வந்தோம், காடு மலையெல்லாம். இவ அம்மா வழியிலேயே போய்ட்டா. அதைப் பத்தி இவகிட்ட நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க" என்றார்.

நான் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

அதுவரைக்கும் பர்மா என்றால் என் மனசில் இருந்தது வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள், பாட்டு, மணியோசை. இப்போது கண்ணை மூடினால் கட்டிலின் அடிதான் தெரிந்தது. யுத்தம் முடிந்தது என்று யார் உத்தரவாதம்? அங்கே இன்னும் துப்பாக்கி வைத்துக்கொண்டு காட்டுக்குள் திரிகிறவர்கள் இருப்பதாகப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றென்றால் யார் வருவார்கள்? பாடம் சொல்லிப் பார்க்கும்போது கை வியர்த்துக் காகிதம் ஒட்டியது.

இதை யாரிடம் சொல்வது? அப்பாவிடமா? அவர் பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியாரிடமும் சொல்லி ஆயிற்று. போதகரிடமா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுகிறார். மிஸ்ஸியம்மாவிடமா? பெட்டியும் குடையும் மூலையில் இருந்துகொண்டு என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். முழங்காலில் நின்றால், "ஆண்டவரே, தைரியம் கொடும்" என்றுதான் ஆரம்பிப்பேன். கொஞ்ச நேரத்தில் ஜெபம் வேறு பக்கம் திரும்பிவிடும். "நான் போக மாட்டேன் என்று சொல்லாமலே போகாமல் இருக்க ஒரு வழி செய்யும்." டாக்டர் சோதனை இன்னும் பாக்கி இருந்தது. அதில் ஏதாவது ஒரு சின்னக் கோளாறு வந்தால் போதும், யாருக்கும் வருத்தமில்லாமல் தப்பித்துக்கொள்வேனே என்று என் மனசு கணக்குப் போட்டது.

சோதனை நாள் வந்தது. மயிலாப்பூரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு அப்பா கூட்டிப் போனார். கண், பல், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். மார்பை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மறுபடி வரச் சொன்ன அன்றைக்கு டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. "வலது பக்கம், மேலே. நிழல் விழுந்திருக்கிறது. க்ஷயத்தின் ஆரம்பமாக இருக்கலாம். இரண்டு வாரம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு படம் எடுத்துவிடுங்கள்" என்று டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்பா வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எப்போதும் நடந்தே போகிறவர் அன்றைக்கு ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். ரிக்‌ஷாக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லியா? குலுங்காம இஸ்துகினு போறேன், நீ கவலப்படாத" என்றார். அப்பா என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பெரியவளான பிறகு அப்பா என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு க்ஷயம், அதாவது டி.பி., என்றால் என்னவென்று முழுசாகப் புரியாது. மாத்திரை சாப்பிட்டால் போய்விடும் என்பார்கள். அன்றைக்கு மாத்திரை ஏது? எங்கள் சந்திலேயே ஒரு தபால் குமாஸ்தாவைத் தாம்பரம் சானடோரியத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அந்த வீட்டை வெள்ளையடித்த பிறகும் யாரும் குடிவரவில்லை.

அந்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தொண்டை கமறினால் பயம். கைக்குட்டையில் துப்பிவிட்டு வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். தப்பிக்க வழி கேட்டேன், கிடைத்துவிட்டதா? கேட்டதைத்தான் ஆண்டவர் கொடுத்துவிட்டாரா? இந்த எண்ணம் வந்தால் ஜெபம் பண்ணவே வாய் வராது. அம்மா மட்டும் எனக்கென்று தனித் தட்டு வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். நானே ஒரு டம்ளரை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டேன். மிஸ்ஸியம்மாவுக்கு அப்பா விஷயத்தைச் சொன்னார். முடிவு தெரியும்வரை ஓய்வாக இருக்கட்டும், வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அது நியாயம்தான். ஆனாலும் சனிக்கிழமை வந்தபோது எங்கே போவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். சபையிலும் எப்படியோ தெரிந்துவிட்டது. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வரிசை பின்னால் உட்கார்ந்தார்கள்.

ரங்கூன்காரிக்குச் சொல்லாமல் பாடத்தை நிறுத்துவது சரியில்லை என்று தோன்றியது. தியாகராய நகருக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில், நடையைத் தாண்டாமல், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றேன்.

"ஏன் அங்கேயே நிக்கிறே? உள்ளே வா."

"வர மாட்டேன். எனக்கு டி.பி. இருக்கும்போல. இனிமே நான் வரலே, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் எழுந்து வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நகர்ந்தேன். அவளும் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

"நாங்க நடந்து வந்தப்போ எனக்கு ஜுரம் வந்துருச்சு. அம்மா போன பிறகு. அப்பாவுக்கும் ஜுரம், பக்கத்துல நினைவில்லாம கிடக்குறாரு. கூட வந்த ஜனங்க எல்லாம் போய்ட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நின்னா அவங்களும் சாவாங்க. அப்போ ஒரு பொம்பளை அந்த வழியா வந்தா. மலைச்சாதிப் பொம்பளை. முதுகுல கூடை. எங்கேயோ போய்க்கிட்டு இருந்தா. எங்களைப் பார்த்துட்டுக் கூடையை இறக்கி வச்சுட்டு உக்காந்துட்டா."

"மருந்து கொடுத்தாளா?"

"மருந்து ஏது? சும்மா உக்காந்திருந்தா. வெயில் வந்துச்சு, மழை வந்துச்சு, அவ எழுந்திரிக்கல. அவ பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவளுக்குப் புரியல. கண்ணு முழிச்சா அவ இருப்பா. மறுபடி முழிச்சா இருப்பா. அவ அங்கே இருக்கிறவரைக்கும் நான் சாக மாட்டேன்னு எனக்கு எப்படியோ தோணிருச்சு. எனக்கு எழுந்து உக்கார முடிஞ்சு, அப்பாவுக்கும் நினைவு வந்ததும் கூடையைத் தூக்கிக்கிட்டுப் போய்ட்டா. பேருகூடத் தெரியாது."

பிறகு அவள், "என்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்றாள். சொன்னேன். "நான் வர்றேன்."

அன்றைக்கு அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. அம்மாவும் ரங்கூன்காரியும் நானும்தான் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான பெஞ்சு. எங்கள் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. புழுக்கம் தாங்கவில்லை. அம்மா உதடு அசைய ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தாள். ரங்கூன்காரி ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் தையலைக் கீழே வைத்தாள்.

"திரும்பி உக்காரு. கழுத்தெல்லாம் வேர்த்துக் கிடக்கு. பர்மாக்காரி மாதிரி கொண்டை போட்டு விடுறேன்."

தன் தலையிலிருந்த சீப்பையும் ஊசிகளையும் எடுத்து, என் ஜடையை அவிழ்த்து, உச்சியில் உருண்டையாகச் சுற்றிக் கொண்டை போட்டுவிட்டாள். வராந்தாவில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அம்மாவுக்குக்கூட லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தக் கோலத்தோடுதான் படம் எடுக்க உள்ளே போனேன்.

பிறகு மறுபடி காத்திருப்பு. படம் கழுவிக் காய வேண்டுமே. ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு லேடி டாக்டர். பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், எழுந்து வந்து என்னைச் சுற்றி நடந்து கொண்டையைப் பார்த்தார்.

"முதல் படம் எடுத்த அன்றைக்கும் இப்படித்தான் கொண்டை போட்டிருந்தாயா?"

"இல்லே டாக்டர். ஜடை."

"ஜடை எங்கே இருந்தது? முதுகிலா, முன்னாலா?"

எனக்கு நினைவு வந்தது. தெரியாத ஆண்பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம். வலது தோளின் மேலாகத் தொட்டுக் காட்டினேன்.

டாக்டர் பழைய படத்தில் அந்த நிழலை விரலால் காட்டினார். "உற்றுப் பார். பின்னல் பின்னலாக இல்லை? உன் நுரையீரலில் ஒன்றுமில்லையம்மா. நல்ல அடர்த்தியான தலைமுடி, அவ்வளவுதான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சிரித்தேன். வராந்தாவுக்கு வந்து ரங்கூன்காரியிடம் சொன்னதும் அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பழைய பயம் மறுபடி வந்துவிட்டது. இனிமேல் தடை ஒன்றுமில்லை. போயே ஆக வேண்டும்.

அம்மா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "எனக்கு அங்கே போகவே பயமா இருக்கு."

"தெரியுமே" என்றாள் அவள். "அன்னிக்குக் கட்டிலுக்கு அடியில முகத்தைத் தூக்கினப்போ உன் காலைத்தான் பார்த்தேன். என்னைவிட ஜாஸ்தி நடுங்குச்சு."

மறுநாளே அடையாறுக்குப் போனேன். மிஸ்ஸியம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. பயத்தைச் சொன்னேன், உடம்பில் கோளாறு வர வேண்டும் என்று ஜெபம் பண்ணியதையும் சொன்னேன். கோபிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"நான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினபோது உன் வயசு. வழி நெடுக அழுதேன். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன்" என்றார்கள். பிறகு, "போக வேண்டாம் என்றால் இன்றைக்கே சொல், சபைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன்னை ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். போகிறேன் என்றால், பயம் இல்லாத மாதிரி என்னிடம் நடிக்க வேண்டாம்" என்றார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முறத்தை நிறுத்தாமலே அம்மா பேசினாள். "நீ கை தூக்கின அன்னிக்கே போகாதேடின்னு சொல்லணும்னு இருந்தேன். சொன்னா ஆண்டவருக்கு விரோதமாப் பேசின மாதிரி ஆயிடுமோன்னு பயந்தேன். உனக்கு உடம்பிலே கோளாறுன்னு டாக்டர் சொன்னப்போ, நான்தான் மனசுக்குள்ளே கேட்டு வாங்கிட்டேனோன்னு தவிச்சுப் போய்ட்டேன்."

எங்கள் வீட்டில் அந்த இரண்டு வாரமும் ஒரே எண்ணத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்! நானும் என் பங்கைச் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அழுது ஓய்ந்த பிறகு, "போறதுன்னா போய்ட்டு வா. பயமா இருந்தா இருக்குன்னு எழுது. நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதாதே" என்றாள்.

போகிறேன் என்று அன்று சாயங்காலம்தான் உண்மையாக முடிவு செய்தேன். கோயிலில் கை தூக்கியபோது எனக்கு ஒன்றுமே தெரியாது. இப்போது எனக்குப் பயம் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

மழைக்காலம் கழிந்ததும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினேன். துறைமுகத்துக்கு ரங்கூன்காரி வந்திருந்தாள். "சொல்லை இழுக்குற இடத்துல இழு, மானத்தை வாங்கிடாதே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே உள்நாட்டுச் சண்டை மூளும்வரைக்கும் பாதி எரிந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. ஜுரத்தில் கிடந்த பிள்ளைகளின் பக்கத்திலும், புருஷனை யுத்தத்தில் தொலைத்த பெண்களின் பக்கத்திலும் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். பல நாள் பயத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதும் வாடிக்கை. அங்கே ஒரு படத்துக்கோ ஒரு முடிவுக்கோ யாராவது தனியாகக் காத்திருப்பதைக் கண்டால், என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு இன்றைக்கும் வார்த்தை வராது, அதனால் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.